பெட்டியில் மிஞ்சிய பூட்டு

மூன்றாம் இயந்திரத்துக்குள் அன்று காலை இறங்கியவர்கள், பதிவேட்டில் உள்ளபடி:

மேபின் ஹிமூங்கா, வால்வு பிட்டர். உள்ளே 7.10, வெளியே 12.05.
ஜெரேமி முசொண்டா, வெல்டர். உள்ளே 7.15, வெளியே 12.10.
கெல்வின் டெம்போ, பெயின்டர். உள்ளே 8.30, வெளியே 11.40.
லிஸ்வானிசோ அக்காபொண்டோ, டர்பைன் பிட்டர். உள்ளே 7.10, வெளியே 12.20.

நான்கு பேர் போனார்கள், நான்கு பேர் வந்தார்கள். கையெழுத்து சரி, நேரம் சரி. ஆனால் பிற்பகல் இரண்டரை மணிக்கு இயந்திரத்தை ஓட்டலாம் என்று எல்லோரும் கூடியபோது சிவப்புப் பெட்டியில் ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்டில் பெயர்த்தகடு. தகட்டில் ஹிமூங்கா என்று எழுதி, பக்கத்தில் அஞ்சல்தலை அளவுக்கு அவன் போட்டோவும் ஒட்டியிருந்தது. பத்து வருஷத்துக்கு முன் எடுத்த படம். அதில்கூட அவன் கேமராவைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெட்டியின் கதை இதுதான். தண்ணீர் வரும் பெரிய வால்வைப் பூட்டிய சாவி பெட்டிக்குள் கிடக்கும். இயந்திரத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் பெட்டியின் மேல் தன் பூட்டைப் போட்டு, தன் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். வெளியே வந்ததும் தன் கையாலேயே திறந்து எடுக்க வேண்டும். கடைசிப் பூட்டு போகும்வரை பெட்டி திறக்காது, பெட்டி திறக்காமல் வால்வு திறக்காது. சிபெம்பெ மின்நிலையத்தில் ஒரு பூட்டு என்றால் ஓர் ஆள். அடுத்தவன் பூட்டைத் தொட்டவனுக்கு வேலை போகும்.

"திற," என்றார் கபாசோ. நிலைய மேலாளர். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"நான் போடல சார்."

"இது உன் மூஞ்சிதானே?"

"மூஞ்சி என்னோடதுதான். போட்டது நான் இல்ல. பன்னெண்டு அஞ்சுக்குத் திறந்து எடுத்து, திறந்தபடியே என் கொக்கியில மாட்டிட்டுத்தான் சாப்பிடப் போனேன்."

ஹிமூங்காவின் டோங்கா இனத்தைச் சீண்டி வெல்டர் முசொண்டா சிரித்தான். "அப்ப பூட்டு தானா நடந்து வந்திருக்கும். டோங்காக்காரன் வளக்குற மாடு தானா வீடு தேடி வரும்ல, அந்த மாதிரி."

"வாய மூடு முசொண்டா," என்றாள் தேம்வா நியிரொங்கோ. அந்த ஷிப்டின் பொறியாளர் அவள்தான். அவள் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரம் ஓடும். தோளுக்கும் காதுக்கும் இடையில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் தலைநகர் லுசாகாவின் கட்டுப்பாட்டு அறை. "ரெண்டு ஆஸ்பத்திரி காத்துக்கிட்டு இருக்குன்னு சொல்றாங்க சார். மூணு மணிக்கு மேல தாங்காதாம்."

அக்டோபர் மாதம். ஆற்றில் தண்ணீர் பாறைக்கு அடியில் போய்விட்டது. நாடு முழுக்க ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் மின்சாரம் இல்லை. மலைக்குள் குடைந்த மண்டபத்தில் நான்கு இயந்திரங்கள் வரிசையாக நின்றன, ஓடியது இரண்டாம் எண் மட்டும். மூன்றாவதும் ஓடினால் ஆளுக்கு மூன்று மணி நேரமாவது கூடக் கிடைக்கும்.

ஹிமூங்காவின் நிலைமை வேறு. அவனுக்கு ஏற்கனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. ஆகஸ்டில் எண்ணெய்க் குழாயில் கசிவு, அவன் ஷிப்ட். இயந்திரம் ஆறு மணி நேரம் நின்றது. செப்டம்பரில் வால்வுப் பெட்டியில் ஒரு பியூஸ் காணாமல் போனது, மறுபடியும் அவன் ஷிப்ட். நான்கு மணி நேரம். மூன்றாவது கடிதம் வந்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் குடியிருப்பில் வீடும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். தண்ணீர் இயந்திரம் நின்றால் நகரத்து எல்லையில் நிற்கும் வாடகை டீசல் எஞ்சின்கள் ஓடும். எஞ்சின்கள் ஓடினால் டேங்கர் லாரிகள் ஓடும். அதில் ஒரு லாரியை ஓட்டுகிறவன் ஹிமூங்கா மனைவியின் தம்பி. சிபெம்பெயில் பெயின்டர் டெம்போ முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான்.

"ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்," என்றார் கபாசோ. "மாசம் தவறாம வர்றியேப்பா."

"சார், நான்..."

"நான் உன்ன எதுவும் கேக்கல. சாவி உன் கழுத்துல இருக்கு. திற, எடு, போ. மிச்சத்த திங்கக்கிழமை பேசலாம்."

கபாசோ பத்தொன்பது வருஷம் தெற்கே நிலக்கரி நிலையத்தில் இருந்தவர். அங்கே வேலை வேறு மாதிரி. கரியைக் கொளுத்தி, கொதிகலன் சூடாகி, நீராவி ஏறி, சக்கரம் சுற்றுவதற்குள் ஒரு பகல் போய்விடும். உள்ளே ஒருவன் மறந்துபோய்க் கிடந்தாலும் அவன் எழுந்து சோம்பல் முறித்து வெளியே வர நேரம் இருக்கும். டீசல் எஞ்சினுக்குள் ஆள் நுழையவே இடம் கிடையாது. சூரியத் தகடு எதையும் சுற்றுவதில்லை, வெயிலை வாங்கிக் கம்பியில் விட்டுவிட்டுப் பேசாமல் படுத்துக் கிடக்கும். தண்ணீர்தான் மோசம். எதையும் சூடாக்க வேண்டாம். நானூறு மீட்டர் உயரத்தில், மலையின் மண்டைக்குள், எப்போதும் தயாராக நின்றுகொண்டிருக்கும். வால்வைத் திறந்தால் குழாயில் இறங்கி, நத்தை போல் வளைந்த இரும்புக் கூட்டில் சுழன்று, சக்கரத்தை அடித்து, அடிக்குழாய் வழியாக ஆற்றுக்குப் போய்விடும். சக்கரத்தின் அச்சில் காந்தம், காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி. முதல் துளி வந்து நான்காம் நிமிடம் லுசாகாவில் விளக்கு எரியும். நான்கு நிமிடத்தில் மனிதன் ஒன்றும் செய்ய முடியாது.

ஹிமூங்கா கழுத்துக் கயிற்றை இழுத்துச் சாவியை எடுத்தான். குனிந்து பூட்டில் நுழைத்தான். கால் சுற்று திருப்பினான்.

நிறுத்தினான்.

அவனை நிறுத்தியது நல்ல குணம் ஒன்றும் இல்லை. உள்ளே யாரோ இருப்பார்கள் என்று அவனுக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை. யாரோ தனக்குக் குழி பறித்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. பூட்டை மாட்டியவனுக்கு என்ன வேண்டும்? நான் இதைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் அது என் பூட்டு, என் தாமதம், என் மூன்றாவது கடிதம். ‘நான் போடல’ என்று பிறகு சர்ச்சில் நின்று சத்தியம் செய்தாலும் எடுபடாது. போடாதவன் ஏன் திறந்தான் என்பார்கள்.

சாவியைத் திருப்பி உருவிக்கொண்டான்.

"என்னடா?" என்றார் கபாசோ.

"யார் போட்டாங்கன்னு தெரியாம திறக்க மாட்டேன்."

"பூட்டுக்காரனே திறக்க மாட்டேங்கிறான்," என்றான் முசொண்டா. "லுசாகாவுக்குச் சொல்லுங்க மேடம், இன்னிக்கி கரண்ட் இல்ல, ஹிமூங்காவுக்கு மூட் சரியில்லன்னு."

ஹிமூங்கா அவனைப் பார்த்தான். தலைமைப் பிட்டர் இடம் காலியாகி நாலு மாதம். முசொண்டாவுக்கு அதன் மேல் கண். செப்டம்பரில் பியூஸ் காணாமல் போன அன்று வால்வுப் பெட்டிக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்ததும் இவன்தான். "நீதானேடா?"

"நானா? உன் பூட்டத் தொட்டு நான் ஏன் வேலைய விடணும்? எனக்கு நாலு பிள்ளைங்க."

"பின்ன யாரு? சாப்பாட்டு நேரத்துல நீதான் கொக்கி பக்கத்துல உக்காந்திருந்த."

"நான் மட்டுமா உக்காந்திருந்தேன்?" முசொண்டா கொஞ்சம் யோசித்தான். சிரிப்பு முகத்தை விட்டுப் போனது. "உன் மச்சான் வந்தான். கொக்கி பக்கம் நின்னு ஏதோ நோண்டிக்கிட்டு இருந்தான். உன் சாப்பாட்டுப் பையிலிருந்து கருவாட்டைத் திருடுறான்னு நினைச்சேன். அது உங்களுக்குள்ள வழக்கம்தானே."

மச்சான் என்று அவன் சொன்னது லிஸ்வானிசோவை. ரத்த உறவு இல்லை. ஹிமூங்கா டோங்கா, லிஸ்வானிசோ லோசி. இரண்டு இனத்துக்கும் தாத்தன் காலத்திலிருந்து கேலி முறை. லோசிக்காரன் டோங்காக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டலாம், அவன் பொருளைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கோபப்பட்டால் கோபப்பட்டவனுக்குத்தான் கேவலம். லிஸ்வானிசோ இந்த உரிமையைக் கொஞ்சமும் வீணாக்காதவன். ஹிமூங்காவின் குடை, செருப்பு, ஒருமுறை புதுச் சட்டை, எல்லாம் போயிருக்கிறது. வந்ததில்லை.

அவன்தான். ஹிமூங்காவுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. கேலி என்ற பெயரில் என் பூட்டை எடுத்துப் பெட்டியில் மாட்டிவிட்டு, தான் ஜாலியாகப் போய்விட்டான். அல்லது கேலிகூட இல்லை. யாராவது சொல்லிக்கொடுத்துச் செய்திருப்பான். மூன்றாவது கடிதத்தால் யாருக்கு லாபமோ அவன்.

"எங்க அவன்?" என்று கேட்டாள் நியிரொங்கோ.

"அரை நாள் லீவு மேடம். இழவு வீட்டுக்குப் போயிருக்கான். ஒரு மணி பஸ்ல," என்றான் முசொண்டா.

இழவு பழைய ஸ்டோர் கீப்பர் சியங்காவின் வீட்டில். சியங்காவும் டோங்கா. நாலு மணிக்கு அடக்கம். டோங்கா சாவென்றால் லோசிக்காரன் போயே ஆக வேண்டும். குழி வெட்ட வேண்டும், பிணத்தைக் கிண்டல் செய்ய வேண்டும், அழுகிறவர்களை நடுவில் சிரிக்க வைக்க வேண்டும். அதற்காக லீவு கேட்டால் சிபெம்பெயில் எந்த மேலாளரும் மறுத்ததில்லை.

"போன் பண்றேன்," என்றான் ஹிமூங்கா. "அவன் வாயாலேயே ஒத்துக்க வைக்கிறேன். நீங்களும் கேளுங்க சார்."

சுவர்த் தொலைபேசியில் மனைவியைப் பிடித்தான். இழவு வீட்டில்தான் இருந்தாள். பின்னால் பெண்கள் பாட்டு.

"சோல்வே அம்மா, அங்க அந்த லோசிப் பய இருக்கானா? கூப்பிடு."

"எங்க இருக்கான்? காலையிலேர்ந்து அழுதுக்கிட்டே கெடக்கோம், திட்டுறதுக்கு ஒரு நாதி இல்ல. குழிகூடப் பாதியில நிக்குது. நீங்கதான் அவன எங்கியோ குடிக்கக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு பேச்சு."

"ஒரு மணி பஸ்ல வரலியா?"

"பஸ்ல ரெண்டு சர்ச் பொம்பளையும் ஒரு கோழியும்தான் வந்துச்சு. சியங்கா சம்சாரம் என்னப் புடிச்சிக்கிட்டுக் கேக்குது, ‘என் புருஷன் என்ன அவ்வளவு கேவலமா செத்தாரு, ஒரு லோசிகூட வந்து திட்டலியே’ன்னு. நான் என்ன பதில் சொல்றது? அவன் வராம இருக்க மாட்டானே. எவன் செத்தாலும் முதல் ஆளா நிப்பானே."

ஹிமூங்கா போனை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

வராம இருக்க மாட்டானே. அவள் சொன்னது சரி. லிஸ்வானிசோ வேலைக்கு மட்டம் போடுவான், கடனை மறப்பான், டோங்கா சாவை மட்டும் விடமாட்டான். அங்கே பாதிக் குழி நிற்கிறது. இங்கே ஒரு பூட்டு தொங்குகிறது.

"என்ன?" என்றாள் நியிரொங்கோ.

அவன் கருவிப் பலகைக்கு நடந்தான். பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைக் கறுப்பு பெயின்டில் வரைந்திருக்கும். கருவி மாட்டியிருந்தால் கறுப்பு தெரியாது. மேல்வரிசையில் எல்லாம் இருந்தது. மூன்றாவது வரிசையில், ஒரு பெரிய வெல்டிங் கையுறையை யாரோ மாட்டி வைத்திருந்தார்கள். அதை எடுத்தான். அடியில் முப்பத்தாறு மில்லிமீட்டர் ஸ்பானரின் கறுப்பு உருவம். ஸ்பானர் இல்லை. பலகைக்குக் கீழே தாள்: நாற்பத்திரண்டு கருவி வெளியே, நாற்பத்திரண்டு உள்ளே, கணக்குச் சரி. கையெழுத்து லிஸ்வானிசோ.

"ஸ்பானர உள்ள விட்டுட்டான்," என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "சரின்னு எழுதிட்டு, அப்புறம் தேட மறுபடி இறங்கியிருக்கான். என் பூட்டப் போட்டுட்டு."

முசொண்டா வாய்க்குள் ஏதோ சொன்னான். ஜெபமாக இருக்கலாம்.

கபாசோ நம்பவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. எட்டு மாதத்தில் அவர் இந்த நிலையத்தில் கேட்ட கதைகளுக்கு அளவில்லை. "மேல்கதவு வழியா ரெண்டு மணிக்கு நானே எட்டிப் பாத்தேன். கூப்பிட்டேன். யாரும் இல்ல."

"மேல்கதவுல பாத்தா நத்தைக்கூடுதான் சார் தெரியும். சக்கரத்துக்குக் கீழ, அடிக்குழாய் வளைவுல இருந்தா தெரியாது."

"அடிக்குழாய்க் கதவு ஒன்றரைக்கே மூடியாச்சே."

"ஆமா சார்," என்றான் ஹிமூங்கா. "மூடியாச்சு."

"எட்டு மரை. கழட்ட இருபது நிமிஷம், மாட்ட இருபது நிமிஷம். உள்ள ஒண்ணும் இல்லைன்னா, ஒரு மணி நேரம் உன் டீசலுக்கு லாபம். நல்லா யோசிக்கிறப்பா நீ."

ஹிமூங்கா கையிலிருந்த வெல்டிங் கையுறையைத் தரையில் போட்டான்.

நியிரொங்கோ தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். "சார், பூட்டு தொங்குது. தொங்குற வரைக்கும் என் கையெழுத்து கிடையாது. கதவத் திறக்கட்டும்."

"உள்ள ஆள் இல்லைன்னா இவன் நாளைக்கு வர வேண்டாம்."

"இல்லைன்னா நான் வரல சார்," என்றான் ஹிமூங்கா. ஏற்கனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

கீழ்த்தளத்தில் இரண்டாம் இயந்திரத்தின் இரைச்சல் நெஞ்செலும்பில் அடித்தது. பத்தடி தள்ளி நிற்பவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். வட்டமான இரும்புக் கதவு வியர்த்துக்கொண்டிருந்தது. ஹிமூங்கா அதில் உள்ளங்கையை வைத்தான். அதிர்ந்தது. எல்லாமே அதிர்ந்தது. அந்த அதிர்வில் எது இயந்திரம், எது ஆள் என்று பிரிக்க முடியவில்லை.

அவனும் முசொண்டாவும் ஆளுக்கு நாலு மரை. முசொண்டா ஒருமுறைகூடக் கிண்டல் செய்யவில்லை. ஏழாவது மரை சிக்கிக்கொண்டது. ஹிமூங்கா குழாயை ஸ்பானரில் சொருகி முழு உடம்பையும் போட்டுத் தொங்கினான். இளகியது. கதவைச் சாய்த்தார்கள்.

உள்ளே இருட்டு. ஈர இரும்பு வாசனை. வால்வு கசிந்து சொட்டும் தண்ணீர். ஹிமூங்கா விளக்கை அடித்தான். மரப்பலகை மேடை, அதற்கு அப்பால் குழாய் வளைந்து இறங்கியது. யாரும் இல்லை.

பின்னால் கபாசோ மூச்சை இழுத்து விட்டார். அவர் பேச ஆரம்பிக்கும் முன் வளைவின் அடியிலிருந்து மங்கலாக மஞ்சள் வெளிச்சம் ஏறி வந்தது. பேட்டரி செத்துக்கொண்டிருக்கும் தலைவிளக்கு. அதற்குக் கீழே லிஸ்வானிசோவின் முகம். தவழ்ந்து வந்தான். ஒரு கையில் அந்த ஸ்பானர். மற்றொரு கை கதவைத் தட்டித் தட்டி வீங்கியிருந்தது.

"மாட்டு மூத்திரத்துல வாய் கொப்பளிக்கிறவனே," என்றான், மேடையில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே. "காதுல என்ன சாணியா? ஒண்ணரை மணி நேரமா தட்டிட்டு, இப்பத்தான் கீழ வேற வழி இருக்கான்னு பாக்கப் போனேன்."

முறைப்படி ஹிமூங்கா பதிலுக்குத் திட்ட வேண்டும். திட்டவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

லிஸ்வானிசோவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். முசொண்டா தண்ணீர் பாட்டிலை நீட்டினான். லிஸ்வானிசோ அதைத் தள்ளிவிட்டான். தண்ணீரைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஹிமூங்கா அவன் காதருகே குனிந்தான். "என் பூட்ட ஏன் எடுத்த?"

"மச்சான் பொருள எடுத்தா கேள்வி உண்டா? போன வாரம் செருப்ப எடுத்தேன், கேட்டியா?"

"உன் பூட்ட ஏன் போடல?"

லிஸ்வானிசோ கபாசோவைப் பார்த்தான். பிறகு தன் கையில் இருந்த ஸ்பானரைப் பார்த்தான். "கணக்கு சரின்னு எழுதிக் கொடுத்துட்டேன். மறுபடி என் பூட்டு தொங்கினா ஏன்னு கேப்பாங்க. பத்து நிமிஷ வேலைன்னு நினைச்சேன். வெளிய வந்து உன்கிட்ட சாவி வாங்கி, ரெண்டு திட்டு திட்டிட்டு, இழவுக்குப் போயிருப்பேன்."

"என் பூட்டு தொங்கினா கேக்க மாட்டாங்களா?"

லிஸ்வானிசோ ஸ்பானரைத் தொடையில் தேய்த்துத் துடைத்தான்.

"சாவி என் கழுத்துல. நான் திறந்திருந்தா?"

"நீ திறக்க மாட்ட." இந்த முறை உடனே வந்தது. "பொண்டாட்டி போட்ட டீயையே மோந்து பாத்துட்டுக் குடிக்கிறவன் நீ. நீ போடாத பூட்ட நீ திறப்பியா? வேற எவன் பூட்டா இருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். முசொண்டா பூட்டுன்னா அவன் எப்பவோ திறந்துட்டு வீட்டுக்குப் போயிருப்பான்."

முசொண்டா மறுக்கவில்லை.

உண்மையாக இருக்கலாம். ஒன்றரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து யோசித்து வைத்த பொய்யாகவும் இருக்கலாம். அவ்வளவு நேரம் கிடைத்தால் ஹிமூங்காவும் நல்லதாக ஒன்று தயாரித்திருப்பான். சாவியைக் கால் சுற்று திருப்பியதை அவன் லிஸ்வானிசோவிடம் சொல்லவில்லை. பார்த்தவர்களும் சொல்லவில்லை.

படியிறங்கி வந்த நியிரொங்கோ கையில் சரிபார்ப்புத் தாள் இருந்தது. "அடிக்குழாய்க் கதவு மூடியவர்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா இருக்கு. மூடுறதுக்கு முன்னாடி சிவப்புப் பெட்டியப் பாக்கணும். யார் மூடினது?"

முசொண்டா தரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். ஹிமூங்கா தனியாகக் கீழே போனதை அவன் பார்த்திருந்தான். இன்றைக்குச் சொல்லாவிட்டாலும் தலைமைப் பிட்டர் இடத்துக்கு நேர்காணல் வருகிற அன்றைக்குச் சொல்லுவான். ஹிமூங்கா கணக்குப் போட்டுப் பார்த்தான். அடுத்தவன் வாயிலிருந்து வருவதைவிட இது பரவாயில்லை.

"நான் மேடம். பதிவேட்டுல நாலு உள்ள நாலு வெளியன்னு இருந்துச்சு. அதப் பாத்துட்டு மூடிட்டேன். உள்ள பாத்து ஒரு சத்தம் குடுத்தேன். பெட்டிய பாக்கல."

லிஸ்வானிசோ தலையைத் தூக்கினான். "நீயா?"

"நான்தான்."

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவன் ஒரு காகிதத்தை நம்பியிருந்தான். லிஸ்வானிசோ சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் வேறு ஏதோவாகி, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

கபாசோ வீங்கிய அந்தக் கையைப் பார்த்தார். பேசியபோது குரலில் பழைய ஏளனம் இல்லை. "டீசல்னு சொன்னது தப்பு. அத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஆள் உள்ள இருக்க கதவ மூடியிருக்க. அதுக்குக் கடிதம் உண்டு. உனக்கு அது மூணாவது."

"தெரியும் சார்."

"இவனுக்கும் உண்டு. கணக்குப் பொய், அடுத்தவன் பூட்டு. ரெண்டு பேரும் திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க."

"இவனுக்கு இப்ப வேற வேலை இருக்கு சார்." ஹிமூங்கா லிஸ்வானிசோவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். "எந்திரிடா மீன் தின்னி. குழி பாதியில நிக்குது. சியங்கா பொண்டாட்டி உன்னத் தேடுறா."

டெம்போ அவனை ஜீப்பில் மேலே கொண்டுபோனான். போகும்போது லிஸ்வானிசோ ஸ்பானரைத் தானே பலகையில் மாட்டிவிட்டுப் போனான்.

கதவை மூடும் முன் ஹிமூங்கா விளக்கோடு உள்ளே இறங்கினான். பெட்டியில் இன்னும் அவன் பூட்டுதான் தொங்கியது. இந்த முறை அதற்குப் பொருத்தமான ஆள் உள்ளே இருந்தான். வளைவின் அடிவரை போனான். பலகை இடுக்கு, கம்பி இடுக்கு, எல்லாம் பார்த்தான். சக்கரத்தின் இதழ்களை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தான். முசொண்டா காலையில் போட்ட வெல்டிங் புதிதாக மின்னியது. நல்ல வேலை. கதவின் உட்பக்கத்தில் ஸ்பானர் விழுந்த தழும்புகளை எண்ண ஆரம்பித்து, எண்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டான். வெளியே வந்து எட்டு மரையையும் இறுக்கி, கட்டத்தில் தன் பெயரை எழுதினான்.

மேலே வந்து ஆட்களை எண்ணினான். முசொண்டா இங்கே. டெம்போ ஜீப்பில். லிஸ்வானிசோ ஜீப்பில், குடியிருப்பு வாசலைத் தாண்டிவிட்டதாகக் காவலாளி போனில் சொல்லியாயிற்று. அதை நம்பாமல் டெம்போவையும் கூப்பிட்டுக் கேட்டான். பிறகு பூட்டைத் திறந்தான். பூட்டையும் சாவியையும் நியிரொங்கோவிடம் கொடுத்தான். அவள் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்து வால்வின் சாவியை எடுத்தாள். மணி மூன்று ஐம்பது.

"மேடம், நல்லா வருவீங்க," என்றான். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வெளியே போகும் சுரங்கப்பாதை அரை மைல். சாப்பாட்டுப் பை தோளில். திறந்து பார்த்தான். கருவாட்டைக் காணோம். அதையும் எடுத்திருக்கிறான்.

பாதி வழியில் காலடியில் பாறை நடுங்கத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு ஒரே சீராக. அவன் நிற்கவில்லை. வெளிவாசல் காவலறையில், குடியிருப்பு லைனில் மாட்டி, நாள் முழுக்கச் செத்துக் கிடந்த மின்விசிறி ஒரு சுற்று யோசித்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

"கரண்ட் வந்துருச்சு பெரியவரே!" என்றான் காவலாளி. "மூணாவது ஓடுதா?"

"ஓடுது."

"ஷிப்ட் முடியல, சீக்கிரம் கிளம்பிட்டீங்க?"

"இழவு இருக்கு."

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தான். அவன் வேலை அது. பையைத் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு வெளியே விட்டான். ஹிமூங்கா வெயிலில் கால் வைத்ததும் பின்னால் இரும்புக் கதவு இழுபட்டு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு கடித்தது.